நாத்தனாரின் பெட்டி ஊர்வலம் போனது

ஊரில் எங்கே, என்ன, எத்தனை மணிக்கு நடக்கிறது என்று எழுதுவதுதான் அவள் வேலை. உள்ளூர் வாரப் பத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கம் அவளுடையது. பக்கத்துக்குத் தலைப்பு ‘ஊர் வலம்’. அதனால் ஆபீசில் அவளுக்குப் பெயரே ஊர்வலம் என்றாகிவிட்டது. ‘ஊர்வலம் வந்தாச்சா?’, ‘ஊர்வலத்துக்கு ஒரு டீ’, ‘இன்னிக்கு ஊர்வலத்துக்கு ஜலதோஷம்’ என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வெயில் தணிந்து மரங்களில் மஞ்சள் தட்ட ஆரம்பித்தால் ஊருக்கு ஒரு அவசரம் வந்துவிடும். குளிர் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் மிச்சம் மீதி எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிட வேண்டும். மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, ஓட்டப் பந்தயம், பேண்டு வாத்தியம், பூங்காவில் நாடகம் என்று அவள் மேஜையில் தாள் குவியும். இத்தனையையும் எழுதுகிறவள் ஒன்றுக்கும் போனதில்லை. மலர்க் கண்காட்சியை வருஷா வருஷம் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதிக்கொண்டிருந்தாளே தவிர, கண் அதைக் கொள்ளுமா கொள்ளாதா என்று போய்ப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் வீட்டில் நாத்தனார் வேறு. கணவனின் அக்கா. நீதிமன்றத்தில் வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சமையலறையிலிருந்து அவள் “தம்பி!” என்றால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். கோடையில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், கோடை போன பிறகும் போகவில்லை. இந்த வீட்டில் டவலை மடிக்கிறார்களா சுருட்டுகிறார்களா, வெங்காயத்தை நறுக்குகிறார்களா நசுக்குகிறார்களா என்று தினமும் ஒரு விசாரணை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே சொன்னாள். “ஞாயித்துக்கிழமை மத்தியான ரயில்ல கிளம்பறேன்.”

“அதுக்குள்ளயா அண்ணி?” என்றாள் ஊர்வலம். குரலில் வருத்தம் அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் காலை வாரிவிட்டது. பக்கம் அச்சுக்குப் போகிற நாளில், ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாற்று நாளைப் பற்றித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வீட்டில் வேண்டாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம், எல்லாம் இலவசம். நடக்கும் இடம் நூலகத்துக்குப் பக்கத்து மண்டபம். அதைத் தட்டப் போன நேரத்தில் குழாய் ரிப்பேர்காரர் போனில் வந்தார். “எட்டாம் நம்பர், தபாலாபீசுக்குப் பின்னாடி சந்து, பச்சை கேட்” என்று வாய் அவருக்குச் சொன்னது. கை அதையே தட்டியது. மனசு ரயில் நிலையத்தில் நாத்தனாருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் ஓட்டப் பந்தயத்துக்குப் போய்விட்டான். ஓடுவதற்கு அல்ல, ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க. நாத்தனாருக்கு எதிலும் முன்ஜாக்கிரதை. மத்தியான ரயிலுக்கு விடிந்ததுமே குளித்து, நீலப் பெட்டியைக் கட்டி, கேட் ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஊர்வலம் அதை ஜன்னல் வழியாக மூன்று தடவை பார்த்து ரசித்தாள்.

நாலாவது தடவை பார்த்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் இருந்தது. ஒரு இளம் தம்பதி அவளுடைய ரோஜாத் தொட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் துடைப்பத்தோடு ஓடினாள்.

“யாருங்க நீங்க? அது எங்க தொட்டி!”

“இப்ப எங்களுது” என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே. “தொட்டிலை வச்சிட்டோம். தொட்டியை எடுத்துக்கிட்டோம். கணக்கு சரியாப் போச்சு.” மடித்த பத்திரிகையைக் காட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கம்.

பண்டமாற்று நடக்கும் இடம் என்று அவள் வீட்டு விலாசமே அச்சாகியிருந்தது. ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

“அது உங்க வீட்டு விலாசம்தானே?” என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். “படிக்கும்போதே ஒரு மாதிரியா இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்!”

“வீட்டைக் காலி பண்றீங்களோன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறதுன்னு ஒரு சங்கடம்.”

அவள் போனை வைப்பதற்குள் சந்து நிறைந்துவிட்டது. ஒருவர் நொண்டி மேஜையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு அம்மா எட்டு தலையணைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மிதியடி போனது, கொடிக் கயிறு போனது, கணவனின் வாசல் செருப்பில் ஒற்றைக்கால் மட்டும் போனது. “இது தப்பு விலாசம்ங்க, மண்டபத்துக்குப் போங்க” என்று அவள் கெஞ்சினாள். “இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சும்மா” என்று நொண்டி மேஜைக்காரர் அதை அவள் காலடியில் இறக்கினார். குழாய்க்காரர் ஒருவர்தான் வரவில்லை.

அப்போது நாத்தனார் வாசலுக்கு வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

“அமைதி!”

தெருமுனையில் ஒரு நாய் உட்கார்ந்தது.

“வைக்கறவங்க இடப்பக்கம். எடுக்கறவங்க வலப்பக்கம். வீட்டுப் படியைத் தாண்டி யாரும் ஒரு கால் வைக்கக் கூடாது. தலையணை, முன்னால வாங்க!”

தலையணை முன்னால் வந்தது. கூட்டம் மந்திரம் போட்டதுபோல வரிசையில் நின்றது. ஊர்வலத்துக்கு முதல் தடவையாக அந்தக் குரல்மேல் ஒரு மரியாதை வந்தது. எல்லாம் அடங்கி, கடைசி ஆளும் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு போன பிறகு நாத்தனார் மணி பார்த்தாள்.

“சரி, நான் கிளம்பணும். பெட்டி எங்க?”

பெட்டி இருந்த இடத்தில், துணிக்கடையில் சட்டை மாட்டி நிறுத்துவார்களே, அந்த மாதிரி ஒரு பொம்மை நின்றுகொண்டிருந்தது. தலை இல்லை.

தொட்டியைக் கொண்டுபோன இளம்பெண் மண் கேட்டுத் திரும்பி வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். “நீலப் பெட்டியா? பெரிய கோட்டு போட்ட ஒருத்தரும் இன்னும் ரெண்டு பேரும் தள்ளுவண்டில ஏத்திட்டு பூங்கா பக்கமா போனாங்களே.”

ஊர்வலத்துக்கு உலகமே இருண்டது. பெட்டி இல்லாமல் நாத்தனார் போகமாட்டாள். “வாங்க அண்ணி, ஓடிப் போய்ப் பிடிச்சிடலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

பெரிய சாலையில் ஓட்டப் பந்தயத்துக்காகக் கயிறு கட்டியிருந்தார்கள். பூங்காவுக்குப் போக வேண்டுமானால் மலர்க் கண்காட்சித் திடலுக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஊர்வலம் வேகமாக நடந்தாள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் நாத்தனாரைக் காணோம். அவள் ஒரு மஞ்சள் டேலியாவின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். பூ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.

“அண்ணி, பெட்டி!”

“இரு. கண்கொள்ளாக் காட்சின்னு எழுதியிருந்தியே, பாக்க வேண்டாமா?”

ஊர்வலம் திகைத்தாள். “நீங்க அதைப் படிப்பீங்களா?”

“வாரா வாரம் படிக்கறேன். வேற என்ன வேலை எனக்கு? அங்க பாட்டு, இங்க கூத்துன்னு நீ எழுதறே. படிச்சிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன். இன்னிக்காவது கூப்பிடுவா, இன்னிக்காவது கூப்பிடுவான்னு. நீயும் கூப்பிடல, அவனும் கூப்பிடல.” நாத்தனார் பூவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். “உங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும். நான் டவலை எண்ணிட்டிருந்தேன்.”

ஊர்வலம் திரும்பி நடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “நானும் இதுவரைக்கும் வந்ததில்ல அண்ணி” என்றாள்.

“நிஜமாவா? வராமலேயா இப்படி அளந்து விடறே?” நாத்தனார் முதல் தடவையாக அவளை மெச்சுதலோடு பார்த்தாள். “பலே ஆளுடி நீ.”

பிறகு இருவரும் சேர்ந்து டேலியாவைப் பார்த்தார்கள். அடுத்த வரிசையையும் பார்த்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் இடைவெளியில் பன் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். பெட்டி ஞாபகம் வந்து ஓட்டமும் நடையுமாகப் பூங்காவுக்குள் நுழைந்தபோது நாடகம் முடிகிற கட்டத்தில் இருந்தது.

மேடை நடுவே, பெரிய கோட்டு போட்ட ஒல்லி நடிகன் ஒருவன். அவன் காலடியில் நீலப் பெட்டி. வராத ரயிலுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒரு பயணியின் கதை அது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை வருஷம் இதைச் சுமந்தேன்!” என்று நடிகன் முழங்கினான். “இதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை!” பெட்டியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தான்.

முழங்கால் உறை இரண்டு விழுந்தன. வெந்நீர்ப் பை விழுந்தது. கம்பளிச் சட்டைகள், மாத்திரை டப்பா, தைலப் புட்டி, கடைசியாக நாலு பூப்போட்ட டவல்கள். நடிகன் வாய் திறந்தபடி நின்றான்.

“ஒண்ணுமில்லையா?” பூங்காவின் பின்கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மரத்திலிருந்த புறாக்கள் கிளம்பின. “கண்ணைத் தொறந்து பாருடா! அதுல என் குளிர்காலமே இருக்கு!”

கூட்டம் வழிவிட்டது. நாத்தனார் மேடையேறினாள். “உன் பேரென்ன? இந்தப் பெட்டியை எங்கிருந்து எடுத்தே? யார் சாட்சி?” என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். நடிகன் பாவம், பயந்துபோய் உண்மையையே சொன்னான். “கனமா இருந்துச்சு, நல்ல தோல் பெட்டின்னு நெனச்சோம்மா. நேரமாயிடுச்சு, தொறந்து பாக்கல. பதிலுக்கு பொம்மை வச்சோமே!”

“தலையில்லாத பொம்மையை வச்சுக்கிட்டு நான் ரயில்ல போகவா?”

அழுதுகொண்டிருந்த முன்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாடகமே இப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாத்தனார் முதலில் கூட்டத்தை முறைத்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, லேசாகத் தலைகுனிந்து வணங்கினாள்.

ஊர்வலம் மேடைக்குக் கீழே துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அண்ணி, இந்த டவல் எங்களுதாச்சே?”

“ஒழுங்கா மடிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு நல்ல டவல்?” என்றாள் நாத்தனார்.

நாடகக் குழுத் தலைவி, குட்டையான ஒரு பெண், மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அம்மா, சாயங்காலம் இன்னொரு காட்சி இருக்கு. இதே மாதிரி பின்னாலிருந்து வந்து சண்டை போடுவீங்களா?”

“எனக்கு ரயில் இருக்கு.”

“ரயில் போயிடுச்சு அண்ணி” என்றாள் ஊர்வலம். அதைச் சொல்லும்போது நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் வலிக்கவில்லை.

நாத்தனார் அதன்பிறகு பல வாரம் ஊருக்குப் போகவில்லை. சனி, ஞாயிறுகளில் குழுவோடு நாடகம், மற்ற நாட்களில் ஒத்திகை. கணவன் வாசலில் நின்று அக்காவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். டவலைப் பற்றி விசாரிக்க அவளுக்கு இப்போது நேரமில்லை. ஆனால் பக்கம் அச்சுக்குப் போகும் நாளில் மட்டும் ஆபீசுக்கே போன் வரும். “ஏம்மா, ‘சிறப்பான நடிப்பு’ன்னா போதுமா? ‘அபாரம்’னு போடேன். விலாசத்தை மட்டும் ரெண்டு தடவை படி.”

மரங்களில் பாதி இலை கொட்டியபோது குழு அடுத்த ஊருக்குக் கிளம்பியது. நாத்தனாரும் அவர்களோடு வேனில் ஏறினாள். ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அங்க முதல் காட்சி. குறிச்சுக்கோ.”

“அந்த ஊர் எங்க பத்திரிகைல வராதே அண்ணி.”

“உன்னை எழுதச் சொல்லலடி. வரச் சொல்றேன்.”

மறுநாள் ஊர்வலம் ஆசிரியர் அறைக்குப் போய் வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை.

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“நாத்தனாரைப் பாக்கப் போறேன் சார்.”

“நாத்தனாரைப் பாக்க லீவா?” என்றார் ஆசிரியர். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.