அடியில்லாத கூடை

அம்மாக்கண்ணு தன் கொழுந்துக் கூடையின் அடியை அறுத்தது ஒளிவு மறைவாக அல்ல. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்து, கூடையைக் காலால் மிதித்துக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டுகிற, புருசனுடைய கவ்வாத்துக் கத்தியால் அறுத்தாள். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பார்க்கமாட்டார்களா பின்னே? இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூடை என்றால் சும்மாவா? மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கொழுந்துச் சாமிக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் புதுக்கூடையை முதுகில் மாட்டுவார்கள். முதல் பிடிக் கொழுந்தைப் 'பொலியோ பொலி' என்று சொல்லித்தான் போடுவார்கள். தெரியாமல் கால் பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற சனம் அது. அதன் அடியையே ஒருத்தி அறுத்து எறிகிறாள்.

எல்லாம் மகள் யோகேஸ்வரிக்காகத்தான். காலை ரயிலேறி அட்டனுக்குப் படிக்கப் போகிற பிள்ளை அவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றீசியா டீச்சர் அந்த வருசம் நெட்போல் என்று ஒரு புது விளையாட்டைத் தொடங்கியிருந்தார். பக்கத்துக்கு ஏழு பெண்கள். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, அடுத்தவளுக்கு எறிய வேண்டும், கடைசியில் கம்பத்து உச்சியிலிருக்கும் வளையத்துக்குள் போட வேண்டும். யோகேஸ்வரி நெடுநெடுவென்று வளர்ந்தவள். வளையத்துக்குள் போடுகிற வேலையை டீச்சர் அவளிடம் கொடுத்தார்.

கொடுத்து என்ன பயன்? மணி அடித்த பிறகுதான் மற்றப் பிள்ளைகள் பழகுவார்கள். இவள் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். பழகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். வீட்டில் பழகிக்கொள் என்று டீச்சர் ஒரு பழைய பந்தைத் தந்தனுப்பினார். வளையத்துக்கு எங்கே போவது? "கூடை மாதிரித்தாம்மா இருக்கும், அடி மட்டும் இருக்காது" என்றாள் மகள். அவ்வளவுதானே என்று அம்மாக்கண்ணு கத்தியை எடுத்துவிட்டாள்.

கம்பி ஏதாவது பார்க்கலாமே என்று புருசன் பழனியாண்டி முனகினான். நல்லவன்தான், ஆனால் கங்காணியின் நிழலைக் கண்டாலே தலைத்துண்டை அவிழ்த்துவிடுவான். தேயிலை ஸ்டோர்க் கம்பியைத் தொட்டால் திருட்டு, கூடை என் கூடை என்று சொல்லிவிட்டு, அவள் ஏணியை எடுத்து லயத்துக் கோடியில் நின்ற சவுக்கு மரத்தில் கூடையைக் கட்டிவிட்டாள்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தங்கவேலு கங்காணி அவளைத் தனியாக நிறுத்தினார். கொழுந்துப் பெண்களை மலைக்கு அனுப்புகிறவர் அவர்தான். கூடையை அவிழ்த்து எரித்துவிட்டு, கொழுந்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்கு யாரும் இரவல் கூடை கொடுக்கக்கூடாது என்றார். முட்டி தெரியப் பாவாடை கட்டிக்கொண்டு குதிக்கிற பொட்டப்பிள்ளையை எவன் கட்டுவான், பேசாமல் தோட்டத்தில் பேரைப் பதிந்து கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பு என்றும் புத்தி சொன்னார்.

"ஓட்டுரிமையப் புடுங்குனாங்க, நம்மள ஒரு வார்த்த கேக்கல" என்றாள் அம்மாக்கண்ணு. "எம்மக கையில இருக்கிற பந்தையும் புடுங்கணும்னா, என்னையத் தாண்டித்தான் போகணுங்க."

சொல்லிவிட்டு, கொண்டுவந்திருந்த சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினாள். சாக்கில் அமுங்கிய கொழுந்து புழுங்கிக் கறுத்துப் போகும். அதைச் சாட்டாக வைத்து, எவ்வளவு பறித்தாலும் அரைப்பேர்தான் போட்டார்கள். அரை நாள் சம்பளத்தில் அடுப்பு எப்படி எரியும்? ரொட்டியைப் பாதியாக்கித் தின்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பீலிக்குப் போனால் பேச்சு, கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராப் பக்கம் போனால் பேச்சு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் மரத்தடிக்குப் போய், இடுப்பு விண்விண்ணென்று வலிக்க, மகளுக்குப் பந்து பொறுக்கிப் போட்டாள். ஒவ்வொரு பந்தும் கூடைக்குள் விழுந்து கீழே வரும்போது பெற்ற வயிறு குளிர்ந்தது. நாளாக நாளாக ஒரு பந்து தவறினால் அதிசயம் என்றாயிற்று.

போட்டியன்று அம்மாக்கண்ணு வேலைக்குப் போகாமல் மகளோடு ரயிலேறினாள். கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் அட்டனுக்கு ஆட வந்திருந்தது. முதல் பந்து யோகேஸ்வரியின் கைக்கு வந்தது. எறிந்தாள். வளையத்தின் ஓரத்தில் பட்டு வெளியே விழுந்தது. அடுத்ததும் ஓரத்தில் பட்டது. அதற்கடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடியும்வரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை. படுதோல்வி.

பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. அம்மாக்கண்ணு கம்பத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கூடையின் வாய் அகலம், இந்த வளையம் அதைவிடக் குறுகல். இத்தனை நாளும் பிள்ளையைத் தப்பான வாயில் எறியப் பழக்கியிருக்கிறாள். அறுக்கத் தெரிந்த கைக்கு அளக்கத் தெரியாமல் போயிற்றே, சனியனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கை நன்றாகப் பழகியிருக்கிறது என்றார் பெற்றீசியா டீச்சர். அடுத்த மாதம் அதே பள்ளிக்கூடத்தோடு மறுபடியும் ஆட்டம் இருக்கிறது, அதற்கும் இவளையே போடுகிறேன், அப்போதும் விழாவிட்டால் வேறு பிள்ளையைத்தான் போட வேண்டிவரும் என்றார். அம்மாக்கண்ணு அழவில்லை. டீச்சரை ஸ்டூலில் ஏறி வளையத்தை ஒரு குச்சியால் அளக்கச் சொல்லி, அந்த அகலத்துக்குத் தன் முந்தானையில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

தோற்ற செய்தி அவர்களுக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துவிட்டது. சவுக்கு மரத்தடியில் தங்கவேலு கங்காணி நின்றார், பின்னால் லயமே நின்றது. வளையம் சின்னதாக இருந்தது என்று யோகேஸ்வரி மெல்லச் சொன்னாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கங்காணி சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நடந்தது நடந்துபோச்சு, கூடையை அவிழ்த்துவிடு, நாளையிலிருந்து முழுப்பேர் என்றார். பழனியாண்டி கெஞ்சுகிற கண்ணோடு பெண்சாதியைப் பார்த்தான்.

அம்மாக்கண்ணு ஏணியைக் கேட்டாள். அவன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அவள் ஏறிக் கூடையை அவிழ்த்தாள். கங்காணி நிம்மதியாகச் சூடம் எடுத்துவரச் சொன்னார், பாவம். அவள் கூடையின் அடிப்பக்கத்தில் முந்தானை முடிச்சை வைத்துப் பார்த்தாள். எல்லாக் கொழுந்துக் கூடையும் போல அதுவும் அடியில் குறுகித்தான் இருந்தது. முடிச்சு கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்தது. கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினாள்.

பெண்கள் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். இழவு வீட்டில்தான் கூடையைக் கவிழ்ப்பார்கள். கவிழ்த்த கூடை தொங்குகிற லயத்தில் இனி ஒருத்திக்கும் கொழுந்து பொலியாது என்று கங்காணி கத்தினார். அம்மாக்கண்ணு ஏணியிலிருந்து இறங்கி மகளைப் பார்த்து, எறி என்றாள்.

யோகேஸ்வரி எறிந்தாள். பந்து விளிம்பில் பட்டுத் தெறித்து, உருண்டுபோய்க் கங்காணியின் காலடியில் நின்றது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எடுக்க ஒருவரும் அசையவில்லை. பழனியாண்டிதான் போனான். கங்காணிக்கு முன்னால் குனிந்து, பந்தை எடுத்து, துண்டால் சேற்றைத் துடைத்து மகள் கையில் கொடுத்தான்.

"தோத்தவதான் பழகணும், கங்காணியாரே" என்றாள் அம்மாக்கண்ணு. "நீங்க நின்னு பாருங்க. எறி, புள்ள."