சூளைத் தரைக்குக் கீழே

...குனிந்துதான் போக வேண்டும், விக்டோரியா ராணி காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள், பீருக்காக முளைகட்டிய பார்லியைத் தரையில் ஒரு சாண் உயரத்துக்குமேல் பரப்பமாட்டார்கள், அதற்கு எதற்கு உயரமான கூரை, பார்லிக்கா தலை இடிக்கப் போகிறது என்பார் இங்கே வேலை பார்த்த அப்பா, நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே... எனிட் ஒரு கையால் உத்தரத்தைத் தொட்டபடி நடந்தாள், ஓர் இரும்புத் தூண், அப்புறம் இன்னொன்று, எல்லாம் ஒரே அச்சு, எங்கே நின்றாலும் நின்ற இடத்திலேயே நிற்பது மாதிரி. சிரில், என்று கூப்பிட்டாள். தாழ்ந்த கூரை குரலை அங்கேயே அமுக்கிவிட்டது. மதியத்துக்குள் இந்தப் பாழடைந்த ஆலையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். கொத்தனார் நெவில், பள்ளிக்கூடத்தில் சிரிலோடு ஒரே பெஞ்சு, அதனால்தான் உள்ளே விட்டான். "உன் தம்பி இதுக்குள்ளதான் படுத்துக் கெடக்கான்னு ஊரே சொல்லுது எனிட். நான் ஏற மாட்டேன், பலகையெல்லாம் உளுத்துப்போச்சு. நீ வேணா பாத்துட்டு வா. சீக்கிரம், கலவை இறுகிடும்." கலவை இறுகும்வரை தேடலாம், ஒரு மனிதனை.

அடுத்த தளம், அதே தாழ்வு. சிரில்... சிறு சிறு சன்னல்கள், கண்ணாடி கிடையாது, மரக்கதவு மட்டும், குளிர்ந்தால் முளை நின்றுவிடும், புழுங்கினால் அழுகிவிடும், ஆட்கள் மாற்றி மாற்றித் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்களாம், தானியத்துக்கு எவ்வளவு பார்த்திருக்கிறார்கள். அவள் தம்பிக்கு வீட்டுக் கதவைப் பூட்டினாள். ஏன் பூட்டமாட்டாள், குடித்துவிட்டுச் சிகரெட்டோடு தூங்கித் திரைச்சீலையைக் கொளுத்தினவன், யார்தான் பூட்டமாட்டார்கள்? மழையில் நின்று தட்டினான். டிவியை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். "உள்ளதான் இருக்கேன்னு தெரியும் எனிட். நாயா இருந்தா தொறந்துவிட்டிருப்ப. உங்கிட்ட நாயும் இல்ல, பாவம்." சிரிக்கக்கூட வந்தது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

கடைசியில் சூளை. இங்கேதான் நிமிரலாம், முதுகு சொடுக்கியது. கீழே அடுப்புக் குழி, தலைக்குமேல் ஓட்டுத் தரை, ஓடு முழுக்க ஊசித் துளைகள், அனல் அதன் வழியாக ஏறித் தானியத்தை உலர்த்திவிட்டுக் கூம்புக் கூரையின் வாயால் வெளியேறும். அந்த வாயை மூடியிருந்த மரக்கூண்டு எப்போதோ காற்றில் போய்விட்டது, வானம் நேராக உள்ளே விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். பொடிப்பொடியாக வெளிச்சம், தரை முழுக்க... மூலையில் மட்டும் இல்லை. அங்கே நீளமாக ஓர் இருட்டு, துளை ஒன்றுகூடத் தெரியாமல். சாக்காக இருக்கும். புறா எச்சம் குவிந்திருக்கும். கூண்டுப் பலகை விழுந்து கிடக்கும். ஒரு முனை குறுகி, நடுவில் மடங்கி... ஒருக்களித்துப் படுத்தால் அவ்வளவு நீளம் வருமா? பக்கத்திலேயே இரும்பு ஏணி, உறுதியாகத்தான் இருந்தது, அசைத்துப் பார்த்தாள், கம்பி கையைச் சுட்டது, அத்தனை குளிர். மேலே ஏதோ உரசியது. புறாதான். புறா அப்படியா உரசும்? அப்புறம் பார்த்தால் மறுபடி குனிந்து நடந்துகொண்டிருந்தாள், வாசலை நோக்கி.

"என்ன, இருக்கானா?" என்றான் நெவில்.

"இல்ல."

"எல்லா எடமும் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப இப்ஸ்விச் பக்கம் போயிருப்பான். எங்க போனாலும் அவனுக்கு ஊத்திக் குடுக்க ஒருத்தன் கெடைப்பான்." முதல் செங்கல்லை வைத்துக் கரண்டிப் பிடியால் தட்டினான். "வீட்டுக்குப் போ. மூஞ்சியெல்லாம் ஒட்டடை."

போகலாம். ஆனால் கால் நகரவில்லை. ஒவ்வொரு தளத்திலும் கூப்பிட்டாளே, பார்லி ஊறவைக்கும் தொட்டிக்குள் தலையை விட்டுக்கூடக் கூப்பிட்டாளே, சூளைக்குக் கீழே மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை? செத்துக் கிடப்பானோ என்றா... செத்தவனைக் கூப்பிட என்ன பயம்? பதில் வந்துவிடுமோ என்றல்லவா... நெவில் அடுத்த வரிசைக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தான்.