செந்தூரத்துக்கு அடியில்

விஸ்வகர்மா பூஜையன்று காலையில் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கனகலதா கேமராவின் நெற்றியிலும் செந்தூரத்தை அப்பினாள். கணவர் நிபாரண் பாபுவின் பெரியப்பா விட்டுப்போன ஜெர்மன் கேமரா. வருஷா வருஷம் எண்ணெயில் குழைத்து அதே இடத்தில் வைத்து, பொட்டு கட்டிதட்டிப் போயிருந்தது. நிபாரண் அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார். மகள் கல்யாணத்துக்குக்கூட வேறு படக்காரனை வாசல்படி ஏறவிடவில்லை. அதனால் வீட்டு ஆல்பங்களில் அவரைத் தவிர ஊரே இருந்தது. அவர்கள் கல்யாணமோ ஓடிப்போய் ரிஜிஸ்டர் ஆபீசில் செய்துகொண்டது. இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. கனகலதாவுக்கு அது தீராத எரிச்சல்.

பண்டிகைக் கிச்சடி சாப்பிடக் கல்கத்தாவிலிருந்து சந்தன்நகர் வந்திருந்த சுபிமல், நிபாரணின் பால்ய சிநேகிதன், பழைய சாமான் வியாபாரி. கை கழுவிவிட்டு வந்தவன் பூஜை மணையிலிருந்த கேமராவை எடுத்துச் செந்தூரத்தை நகத்தால் சுரண்டினான். அடியில் ஒரு சின்ன விசை தெரிந்தது.

"டேய் நிபாரண்! தானா படம் எடுக்கிற விசைடா இது. முடுக்கிவிட்டுட்டு நீயும் போய் நின்னுக்கலாம். இந்த விசையோட ஜெர்மன்காரன் கொஞ்சம் கேமராதான் செஞ்சான். லண்டன்காரன் ஒருத்தன் இதுக்கு வீட்டையே எழுதிக் கொடுப்பான். நாளைக்கு பிளேன் ஏறுறான், இப்பவே கொடு."

நிபாரண் கூரை ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"அப்போ இத்தனை வருஷமா நான்தான் சாமி கும்பிட்டுக் கும்பிட்டே அதை அடைச்சு வச்சிருந்தேனா?" கனகலதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கொடுங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு படம்."

"இன்னிக்கா? கருவி எதையும் தொடக்கூடாதுன்னு என் சைக்கிளையே எடுக்கவிடலையே நீ!"

"விஸ்வகர்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க முடுக்குங்க."

விசை அசையவில்லை. கனகலதாவின் முகம் சுருங்கிவிட்டது. சுபிமல் தீக்குச்சி நுனியில் மண்ணெண்ணெய் தொட்டு வைத்தான். இரண்டாம் முறை அது 'கிர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"ஓடுடா!"

வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நிபாரண் மனைவியின் பக்கத்தில் விறைத்து நின்றார். "கனக், கையை எங்கே வச்சுக்கிறது?"

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீங்களே!"

அவள் அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் காதுமடல் வரை சிவந்துபோனார். உறுமல் நின்று 'கிளிக்' என்றபோது கனகலதா வாயெல்லாம் பல்லாக இருந்தாள்.