நல்ல பக்கம்

அறையில் இருந்தவர்கள்: குப்புறப் படுத்திருக்கும் நான், முழங்கையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பிசியோ அம்மா, மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மச்சான், கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு… இதில் எனக்கு ஆதரவு அந்த எலும்பு மட்டும்தான், மச்சான் துணைக்கு வரவில்லை, வேவு பார்க்க வந்திருக்கிறார், வலி நிஜமா நடிப்பா என்று பார்த்துவிட்டு வா அண்ணா என்று என் மனைவி அனுப்பியிருக்கிறாள், என்னிடமே கேட்டிருக்கலாம், கேட்டாள்தான், ஒன்பது மாதமாகக் கேட்கிறாள், கார் நிறுத்தும் கட்டடத்தில் ராத்திரி முழுக்க இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து பன்னிரண்டு கேமராத் திரைகளைப் பார்க்கிற வேலையைப் பாதி ஷிஃப்டில் ஏன் உதறிவிட்டு வந்தாய் என்று, குண்டி வலி என்றேன், சிரித்தாள், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, இன்று அண்ணன் போய் நடிப்புதான் என்று சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள், சொல்லியும் விட்டாள். அதனால்தான் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, பயமில்லை, அவசரம்… கண்டுபிடி தாயே, வலது பக்கம், ஆழத்தில் இருக்கிறது, எக்ஸ்ரேயில் சிக்காத சனியன், இன்றைக்கு இவர் கண்முன்னால் மாட்டட்டும்.

கட்டிலில் முகத்துக்கு ஒரு ஓட்டை, அதில் தரை தெரிகிறது, தரையில் பிசியோ அம்மாவின் ரப்பர் செருப்பு, தள்ளி மச்சானின் கால், ஆடிக்கொண்டே இருக்கிறது, தீர்ப்பு எழுதுகிற கால்… அவர் கை பின்பக்கத்தில் பட்டது, “ஐயோ அம்மா!” என்று கத்தினேன், நல்ல கத்தல், எலும்பே ஆடியிருக்கும், மச்சானின் கால் நின்றுவிட்டது, ஆகா, ஒழிந்தது சந்தேகம் என்று நினைத்தபோது, “தம்பி, இது இடது பக்கம். ஒப்பிட்டுப் பாக்க நல்ல பக்கத்தத்தான் மொதல்ல தொடுவேன். இன்னும் அமுக்கவே இல்ல.” மூலையிலிருந்து மச்சான், “நல்ல பக்கத்துக்கே இவ்வளவுன்னா, இன்னொண்ணுக்கு ஊரையே கூட்டிருவீங்க போல இருக்கே மாப்ள.” போச்சு, எல்லாம் போச்சு… ஆனால் வலித்ததே, வலிக்காமலா கத்தினேன்? யார் கத்தியது? யோசிக்க நேரமில்லை, முழங்கை வலது பக்கம் இறங்கிவிட்டது, மெதுவாக, சாவி துவாரத்தைத் தேடுவது போல, அங்கே இல்லை, இன்னும் கீழே, இன்னும்… அதுதான், அதேதான், தொடை வழியாகக் கெண்டைக்கால், சுண்டுவிரல் வரை ஷாக் அடித்தது, இப்போது நான் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன், இனி கத்தி யார் நம்ப? “மூச்ச விடுங்க தம்பி, சேத்து வெச்சு என்ன பண்ணப் போறீங்க” என்று முட்டியை மடக்கிப் பாதத்தை வெளியே சாய்த்தார், உள்ளே சாய்த்தார், முழங்கை நகரவே இல்லை, “பிரிஃபார்மிஸ். பின்பக்கத்துக்குள்ள இருக்கற தசை, இறுகிப்போய் கால் நரம்ப நெரிக்குது” என்றார், என் வலிக்குப் பேர் இருக்கிறது, எனக்கு முன்பே வேறு யாருக்கோ வந்த வலி, சொந்தமாகத் தயாரித்தது இல்லை! “சார், நீங்களே வந்து விரல வெச்சுப் பாருங்க.” “நானா? அங்கயா?” “பின்ன, பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிடறது?” மச்சானின் செருப்பு வந்தது, தயங்கியது, துணிக்கு மேல் ஒரு விரல், அடுப்பைத் தொடுவது போல, பிறகு கொஞ்சம் அழுத்தமாக, பிறகு இடது பக்கம், மறுபடி வலது. “அட ஆமாங்க… முறுக்கின கயிறு மாதிரி இருக்கு. இடது பக்கம் ஒண்ணுமே இல்லயே.” ஜெயித்தேன், குப்புறப் படுத்தபடியே ஜெயித்தேன்.

அரை மணி நேரம் கழித்து அந்த இறுக்கம் விட்டது, சூடாக என்னவோ குதிகால் வரை ஓடியது, எழுந்து மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரு பக்கமாகச் சாயாமல், இரண்டு பக்கமும் முழுசாக, ஒன்பது மாதத்தில் முதல் தடவை, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எழுந்து மறுபடி உட்கார்ந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி, அம்மாவே சிரித்துவிட்டார். வாசல் படியில் மச்சான் போனில், “நெஜம்தாம்மா, நானே தொட்டுப் பாத்தேன்… எங்கயா? அத வீட்ல வந்து சொல்றேன்.” அவள் சிரிப்பது எனக்கே கேட்டது, ஒன்பது மாதச் சிரிப்பு, படியில் குதிக்கலாம் போல இருந்தது. “இன்னும் எட்டு தடவ வந்தா போதுமாம், அப்புறம் பழைய ஸ்டூலுக்கே போலாமாம்!” என்றார் மச்சான், சந்தோஷமாகத்தான் சொன்னார். சுரீரென்றது. வலது பக்கம் இல்லை, அது சமர்த்தாக இருந்தது. இடது பக்கம், அமுக்கவே அமுக்காத இடத்தில், இரண்டு பேர் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில்… இதற்கும் ஏதாவது பேர் இருக்குமா? கேட்கலாம் என்று திரும்பினேன். மதியச் சாப்பாட்டு நேரம், அம்மா கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டார்.