ஏற்றமில்லாத வழி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. சர்வே அலுவலகத்தில் மேப் வரைந்தே தலை நரைத்தவன் நான். இல்லாத இடத்தில் மலையை வைத்தால் வேலை போய்விடும். ஆகவே பொய் சொல்லிப் பழக எனக்கு வசதியே வாய்க்கவில்லை.

1

கதை பிறந்தது டாக்டரால். என் மனைவியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே மேடு ஏறக்கூடாதும்மா" என்றார்.

"இறங்கலாமா?"

"தாராளமா. ஆனா திரும்ப ஏறித்தானே வீட்டுக்கு வரணும்?"

அவளுடைய ஒரே அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அப்ப அக்காவ நான் பாக்கவே முடியாதா?"

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலை என்பது பிரிவின்' — அடித்துவிட்டேன். மலை என்பது மலைதான்.)

மேப்பில் பழுப்பாக வளைந்து வளைந்து ஓடுமே, அவை சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோடு தொட்டுக்கொண்டு போகும். அதை விட்டு விலகாமல் நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எங்கள் வாசலைத் தொட்ட கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அது மலையைச் சுற்றி அக்கா வீட்டுப் பக்கம் போயிற்று.

"கிளம்பு" என்றேன்.

எப்போதோ அக்காவிடம் இரவல் வாங்கிய கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

3

கோடு ஒரு சலூனுக்குள் நுழைந்தது. நாங்களும் நுழைந்தோம்.

"கட்டிங்கா, ஷேவிங்கா சார்?"

"வழி."

பின்கதவைத் திறந்துவிட்டார். அடுத்து யாருடைய படுக்கையறையோ. தூங்கிக்கொண்டிருந்தவர் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

"உங்க கோடு எங்கயாவது உக்காருமா?" என்றாள் மனைவி.

"அது உக்காராது. நீ உக்காரு."

(பள்ளம் எப்போதும் வலப்பக்கமே இருந்ததால் என் இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. சந்தேகமிருந்தால் செருப்புக் கடைக்காரரை விசாரிக்கலாம்.)

4

இங்கேதான் பேனா முரண்டு பிடிக்கிறது. அக்கா வீடு எங்கள் கோட்டில் இல்லை, அதற்கு மேல்கோட்டில் இருந்தது. மேப்பில் அந்த இடத்தை என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.

அக்கா மேலே வாசலில் நின்றாள். முழங்கால் தேய்ந்தவள்.

"ஏண்டி, இவ்ளோ தூரம் வந்துட்டு அங்கயே நிக்கிற?"

"ஏறக்கூடாதாம்க்கா. நீ இறங்கி வாயேன்."

"இரு, என் முட்டியக் கேட்டுச் சொல்றேன்."

மனைவி கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினாள். "உன்னோடது!"

"நீயே வச்சுக்க. இங்க வெட்ட என்ன இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் இருவரும் நகரவில்லை.

இரண்டு கோடுகளுக்கு நடுவில் என்ன இருக்கிறதென்று எந்த மேப்பும் சொல்லாது. பாறையாக இருக்கலாம். படிக்கட்டாகவும் இருக்கலாம். அந்த இடத்தைத்தான் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

5

முடிவை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். அக்காவை இறக்கிப் பார்த்தேன்; பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மனைவியை ஏற்றிப் — இல்லை, அதை எழுதமாட்டேன். பழைய கோட்டை அழித்து அக்கா வாசல் வழியே புதிதாக வரைந்தேன். மலை சட்டை செய்யவில்லை. இனி உங்கள் பாடு, வாசகரே. எப்படி எழுதுவீர்களோ தெரியாது, ஒருத்தி கை மற்றவள் மேல் பட்டால் போதும்.

இல்லாத இடத்தில் மலையை வைத்தது நான்தான். அக்காவின் வீடு, மேடு பள்ளமே இல்லாத எங்கள் தெருவில், எங்களுக்கு நேர் எதிர்வீடு. கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.