பெல்ட்டை ஒளித்தவள்

கெட்டிக்காரத்தனம் எனக்குக் கொஞ்சம் கூடுதல். இல்லாவிட்டால் கட்டிய புருஷனின் சேஃப்டி பெல்ட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைப்பேனா?

என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணனுக்கு உயரமான கட்டடங்களில் ஏறி விளக்கு மாட்டுகிற வேலை. இந்த மாதம் மும்பை வி.டி. ஸ்டேஷனுக்கு எதிரே, மாநகராட்சித் தலைமைக் கட்டடத்தில். இருட்டிய பிறகுதான் விளக்கை எரியவிட்டுச் சரிபார்க்க முடியும். முன்பு வேறோர் இடத்தில் இவருடன் வேலை செய்தவர் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து, இந்தப் பிழைப்பை விடச் சொல்லி எங்கள் வீட்டில் தினமும் சண்டை. பெல்ட்டைக் காணவில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு கிளம்பிப் போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அரை மணி நேரம்கூட என்னால் உட்கார முடியவில்லை. பெல்ட்டை எடுத்துக்கொண்டு தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு ஓடி, ஸ்லோ டிரெயினைப் பிடித்தேன்.

வி.டி.யில் இறங்கி ரோட்டுக்கு வந்து நிமிர்ந்தேன். நடுக் கோபுரத்தின் விளிம்பில் ஓர் ஆள். ஒருக்களித்து நிற்கிற தினுசிலேயே அவர்தான் என்று தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கீழே சூப்பர்வைசர் அப்துல் வாஹித் பாய் நின்றிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். என் கையில் இருந்ததைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"பெல்ட் இல்லாம நான் ஏத்துவனாம்மா? எம் பெல்ட்டத்தான் மாட்டிருக்கான். நானே இழுத்துப் பாத்துதான் விட்டேன். அந்தா, அப்படி உக்காரு."

உட்கார்ந்த பிறகுதான் கட்டடத்தைப் பார்த்தேன். எங்களுக்கு மாநகராட்சி என்றால் ஒரு மனுவும் நீண்ட வரிசையும்தான். ராத்திரியில் அங்கே வரிசை இல்லை. வளைவு வளைவாக ஜன்னல்கள், அவற்றின் மேல் யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் செதுக்கிய கல். முகப்பின் உச்சியில் சிறகு விரித்த ஒரு பெண் சிலை; அவளுக்குப் பெல்ட்டும் கிடையாது. மேலே என் வீட்டுக்காரர் ஒவ்வொரு விளக்காகத் திருப்பத் திருப்ப, இருட்டிலிருந்து ஒரு தூண் வந்தது, பிறகு ஒரு மாடம் வந்தது. ரோட்டில் போனவர்கள் நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் இதையா விடச் சொன்னோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் இறங்கி வந்தார்.

"ஏட்டி, நீ எங்க இங்க?"

பெல்ட்டை நீட்டினேன். "அரிசி டிரம்முல இருந்துச்சு. நாந்தான் வச்சேன்."

அவர் ஒன்றும் வையவில்லை.

"சரி, விட்டுருதேன். நாளைலேந்து வரல. நீ இப்படி ஓடி வராத."

இத்தனை நாள் நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட வார்த்தை அது. எழுந்து, அவர் இடுப்பிலிருந்து பாயின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுவந்ததை மாட்டினேன். வளையத்தை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"இடது பக்கத்து மூலையில ஒண்ணு எரியல," என்றேன். "அதப் போட்டுட்டு வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்."