முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய் அறுபது காசு

ஆரியசாலையில் முப்பத்தொரு வருஷமாக வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிற பகவதிப்பெருமாளுக்கு அறுபது காசு என்ற வார்த்தையே பிடிக்காது. அப்படி ஒரு நாணயம் ஊரில் கிடையாது. கையில் கொடுக்க முடியாத காசைக் கேட்பவன் கையால் உழைக்காதவன் என்பது அவருடைய கட்சி.

அவர் கடை இருக்கும் கட்டிடம் ஒரு குடும்ப டிரஸ்டுக்குச் சொந்தம். வாடகை மாதம் பதினெட்டாயிரம். ஐந்தாம் தேதி காலையில் பழவங்காடி வரை நடந்துபோய், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, டிரஸ்ட் ஆபீசில் பணத்தைக் கட்டி ரசீது வாங்கி வருவார். இந்தத் தடவை மூன்றாம் தேதியே போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இனிமேல் வாடகையை ஆப் வழியாக மட்டுமே கட்ட வேண்டுமாம். வசதிக் கட்டணம் இருநூற்றெழுபது, அதன்மேல் ஜிஎஸ்டி நாற்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு. யாருடைய வசதி என்று மட்டும் அதில் போட்டிருக்கவில்லை.

பெருமாள் வழக்கம்போல நடந்தார், தேங்காய் உடைத்தார், ஆபீசுக்குள் ஏறினார். பணம் வாங்கும் கவுண்டரில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் டிரஸ்ட் மேனேஜர் ஸ்ரீஜித் போனைப் பார்த்தபடி இருந்தான். முப்பது வயதுக்காரன், இஸ்திரி கலையாத சட்டை, மலையாளம் கலந்த தமிழ்.

"கேஷ் எடுக்கறதில்ல சாரே. செக்கும் இல்ல. எல்லாம் ஆப்லயாக்கும்."

"நீ சும்மாத்தானே இருக்கே. வாங்கி எண்ணிப் பெட்டியில போட்டா என்ன?"

"சும்மா இல்ல சாரே. ஆப்ல பைசா வருதான்னு நோக்கிட்டு இருக்கணும்."

"அதுக்கா எங்கிட்ட முந்நூத்திச் சொச்சம்?"

ஸ்ரீஜித் சிரித்தான். சிரிப்பு மரியாதையாகத்தான் இருந்தது, சொன்னது அப்படி இல்லை. "ரெண்டு மாசம் வாடகை முடங்கினா அக்ரிமென்ட் கேன்சலாகும், கேட்டீங்களா. சாரோட பக்கத்துக் கடை காலியானப்போ மூணு மடங்கு வாடகைக்கு ஆளு வந்துச்சு. டிரஸ்ட் முதலாளிக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல."

பெருமாளுக்குக் காது மடல் சுட்டது. கடையைப் பிடுங்க ஒரு சாக்குத்தான் வேண்டும், அதை அறுபது காசு வழியாகத் தேடுகிறார்கள். கட்டிவிட்டால் மானம் போகும், கட்டாவிட்டால் கடை போகும். அந்தக் கட்டிடத்திலும் எதிர் வரிசையிலுமாக டிரஸ்டுக்கு நாற்பத்திரண்டு கடைகள். மற்ற நாற்பத்தோரு பேரும் வாயால் திட்டிக்கொண்டே விரலால் கட்டியிருந்தார்கள். அவர்களை நினைத்தால் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கால் ரூபாய்க்குத் தராசு முள்ளோடு சண்டை போடுகிற சூரர்கள், போன் கேட்டதும் எடுத்து நீட்டிவிட்டார்கள்.

கடை வாசலில் சுமட்டுத் தொழிலாளி ஞானையன் தலைத்துணியை உதறிக்கொண்டு நின்றிருந்தான். செய்தி அவனுக்கு முன்னமே எட்டியிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், குண்டூரிலிருந்து வந்த லாரியில் சரக்கு அனுப்பிய கம்பெனியின் ஆட்களே மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். ஞானையனும் கூட்டாளிகளும் நிழலில் நின்று பார்த்தார்கள். பார்த்ததற்கு முந்நூறு ரூபாய் கேட்டார்கள். இந்த ஊரில் அதற்கு நோக்குக்கூலி என்று பெயர். சர்க்கார் தடை செய்த பிறகும் விட்டுப் போகாத பழக்கம். பெருமாள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "சுமந்தவனுக்குக் கூலி குடுப்பேன், நோக்கினவனுக்குக் குடுக்க மாட்டேன்" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் சொன்னதைத் தெரு ஒரு மாதம் பேசியது. அதற்குப் பிறகும் ஞானையன்தான் அவருக்குச் சரக்கு இறக்குகிறான். ஆனால் இருவரும் வார்த்தையை எடை போட்டுத்தான் பேசுவார்கள்.

"அண்ணாச்சி," என்றான் ஞானையன், "நாங்க வெயில்ல நின்னு நோக்கினோம். அதுக்கே கேஸு. அந்த மேனேஜர் ஏசியில இருந்து நோக்குதான். அவனுக்கு எந்த ஸ்டேஷன்?"

பெருமாள் கல்லாவில் போய் உட்கார்ந்தார். அந்தக் கேள்விதான் அன்று காலை முழுக்க அவரை அரித்தது. மகன் அனீஷ் சாப்பாட்டு நேரத்தில், "முந்நூறு ரூபாதானே அப்பா, விடுங்க" என்றான். "விடுறவங்க இருக்கிறதாலதான் பிடிக்கிறவன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அரைச் சோற்றில் எழுந்து வஞ்சியூருக்குப் பஸ் ஏறினார். அங்கே கோர்ட்டில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி விஜய்குமார் வக்கீல்.

விஜய்குமார் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தான். "வாடகையை வாங்க மாட்டேன்னுதானே சொன்னான்? நல்லதாப் போச்சு. பேங்க் அக்கவுண்ட் நம்பர் குடுன்னு ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ் விடுவோம். பத்து நாள்ல பதில் வரலேன்னா மணியார்டர் அனுப்புங்க. கமிஷனை வாடகையில கழிச்சுக்கிடலாம்னு பழைய வாடகைச் சட்டத்துலயே இருக்கு."

"கமிஷன் எவ்வளவு?"

"இருபது ரூபாய்க்கு ஒரு ரூபா."

முப்பத்தொரு வருஷம் மனக்கணக்குப் போட்ட தலைக்கு அது போதும். பெருமாளின் முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

நோட்டீசுக்குப் பதில் வரவில்லை. ஆப் வைத்திருப்பவர்கள் தபாலைப் பிரிப்பார்களா? பதினோராவது நாள் பெருமாள் தபால் ஆபீசில் போய் நின்றார். ஒரு மணியார்டருக்கு ஐயாயிரத்துக்கு மேல் கூடாது என்றார்கள். அவர் அதற்கும் சந்தோஷப்பட்டார். ஐயாயிரமாக மூன்று, இரண்டாயிரத்து நூற்று நாற்பதில் ஒன்று, ஆக நான்கு பாரங்களை முத்து முத்தாக எழுதினார். கமிஷன் எண்ணூற்று ஐம்பத்தேழு ரூபாயை வாடகையிலேயே கழித்துவிட்டார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்கள். இந்தச் சுமைகூலி சுண்டைக்காய்க்காரன் தலையில் என்பதால் அவருக்கு அது இனித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்ரீஜித் கடைக்கே வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து உள்ளே மிளகாய் சலித்துக்கொண்டிருந்தார்கள். வாசல்படியிலேயே இரண்டு தும்மல், உள்ளே வந்து நான்கு. இஸ்திரிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சாரே, எண்ணூத்தி அறுபது ரூபா குறையுது. தபால்காரன் முன்னால இருந்து நாலு கையெழுத்து போட்டுட்டு முதலாளிக்குப் பயங்கர தேஷ்யம், என்னைக் கண்டபடி திட்டினாரு."

"எண்ணூத்தி ஐம்பத்தேழு தபால் கமிஷன். சட்டம் கழிக்கச் சொல்லுது. மிச்சம் மூணு ரூபா. இந்தா." பெருமாள் மூன்று நாணயங்களை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். "அடுத்த மாசமும் இதே மாதிரிதான் வரும்."

ஸ்ரீஜித் நாணயங்களைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தினான். "முதலாளி ஒரு வழி பறஞ்சாரு. சாருக்கு மட்டும் டிரஸ்டோட அக்கவுண்ட் நம்பர் தரலாம்னு. அதுல நேரா பைசா இட்டா ஃபீஸ் ஒண்ணுமில்ல. மத்த கடைக்காரங்ககிட்ட பறைய வேண்டாம், அவ்வளவுதான்."

"அந்த நம்பர் இத்தனை நாளும் இருந்துச்சா?"

"இருந்துச்சு." இன்னொரு தும்மல்.

பெருமாளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஈரம் பட்ட மல்லியை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைக்கும்போது வரும் அருவருப்புத்தான் வந்தது. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "எழுதித் தா. பெரிசா எழுது. கீழே கையெழுத்தும் ஆபீஸ் சீலும் வேணும்."

காரியம் முடிந்தது என்ற நிம்மதியில் ஸ்ரீஜித் பையிலிருந்து சீலை எடுத்து அழுத்தமாகவே குத்திக் கொடுத்தான். பெருமாள் தாளை ஊதிக் காயவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஞானையா, இதை நாப்பத்தோரு கடையிலயும் காட்டிட்டு வா. இதுல பணம் போட்டா வசதிக் கட்டணம் கிடையாதுன்னு சொல்லு."

ஞானையன் தாளை வாங்கிப் படித்தான். பிறகு ஸ்ரீஜித்தைப் பார்த்தான், பெருமாளைப் பார்த்தான். "கூலி?"

பெருமாள் கல்லாவைத் திறந்து மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

"இதுல கனம் ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி."

"நீ சுமக்கத்தானே செய்யுறே. வாங்கிக்கோ."

ஞானையன் நோட்டுகளை மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தான். ஸ்ரீஜித் பதறி எழுந்தான். "சாரே, நான் பறஞ்சது அதல்ல, முதலாளி என்னைய..." அதற்கு மேல் தும்மல் விடவில்லை.

"நீ இருப்பா," என்றார் பகவதிப்பெருமாள். "இருந்து, அவன் ஒவ்வொரு கடையா ஏறி இறங்குறதை நோக்கு. அதுக்கான கூலி, மூணு ரூபா, மேசை மேல இருக்கு."